கால் வினாடியில் ஒரு காலணி

ஓடுகிறவரின் பாதம் ஒவ்வொரு அடியிலும் தரையைத் தொட்டிருப்பது ஏறத்தாழ கால் வினாடிதான். அந்தச் சின்ன நேரத்துக்குள் உடல் எடையைப்போல இரண்டு முதல் மூன்று மடங்கு விசை ஒற்றைக் காலில் இறங்கிவிடுகிறது. 60 கிலோ எடையுள்ள ஒருவர் நிதானமாக ஓடினாலும் 120 கிலோவுக்குக் குறையாத பாரத்தை ஒரு கால் வாங்கித் தாங்கி, உடலை மறுபடி மேலே தள்ளிவிடுகிறது. 5 கிலோமீட்டரை அரை மணி நேரத்தில் ஓடி முடிப்பவர் இந்த வேலையைக் கிட்டத்தட்ட 5,000 முறை செய்கிறார்.

இவ்வளவையும் தாங்க, பாதத்துக்கும் தரைக்கும் நடுவில் நாம் வைப்பது சுமார் 200 கிராம் எடையுள்ள ஒரு காலணி. அது மெத்தென்று இருக்க வேண்டும், கனக்கவும் கூடாது. ஆனால் மெத்தென்று இருக்கத் தடிமன் வேண்டும், தடிமன் கூடினால் எடையும் கூடும். அரை நூற்றாண்டாகக் காலணி செய்தவர்களை இழுத்தடித்த முரண்பாடு இது. கடந்த பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் வேதியியல் இதை ஓரளவு அவிழ்த்துவிட்டது. பார்வைக்கு எளிதாகத் தெரிகிற இன்னொரு கேள்வி, அதாவது இந்தக் காலணி இந்தக் காலுக்குப் பொருந்துமா என்பது, இன்னும் அவிழவில்லை. காலணியின் திறன் முழுக்க அந்தக் கேள்வியில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறது என்பது என் எண்ணம்.

முதலில் எடை. இடுப்பில் 100 கிராம் கூடுதலாகக் கட்டிக்கொண்டு ஓடினால் உடம்புக்கு அது தெரியவே தெரியாது. அதே 100 கிராமைப் பாதத்தில் ஏற்றினால் கதை வேறு. இடுப்பு ஏறக்குறைய ஒரே வேகத்தில் முன்னே போய்க்கொண்டிருக்கிறது. பாதமோ ஒவ்வோர் அடியிலும் தரையில் நின்று, பின்னால் தூக்கப்பட்டு, உடலைவிட வேகமாக முன்னால் வீசப்பட்டு, மறுபடி நிற்கிறது. நீண்ட காலின் நுனியில் இருக்கிற சுமையை இப்படி ஓயாமல் முடுக்கவும் நிறுத்தவும் தசைகள் விலை கொடுக்கின்றன.

அந்த விலை எவ்வளவு என்று அளந்தவர்களில் முக்கியமானவர்கள், அமெரிக்காவின் போல்டர் நகரில் கொலராடோ பல்கலைக்கழகத்தில் ராட்ஜர் கிராம் நடத்திய ஆய்வுக்கூடத்துக்காரர்கள். 2016-இல் வூட்டர் ஹூக்காமரும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட சோதனையில் ஒரே மாதிரியான காலணிகள் மூன்று ஜோடி இருந்தன. ஒரு ஜோடியைச் சும்மா விட்டார்கள். மற்ற இரண்டில் ஈயக் குண்டுமணிகளை மறைத்து, ஒரு காலணிக்கு 100 கிராம், 300 கிராம் என்று எடையைக் கூட்டினார்கள். ஓடியவர்களுக்கு இதைச் சொல்லவில்லை. மூச்சில் போகும் ஆக்சிஜனை அளந்தபோது, காலணி ஒன்றுக்கு 100 கிராம் கூடினால் ஆற்றல் செலவு ஒரு சதவீதத்துக்குச் சற்று மேல் கூடியது. அதே ஆட்கள் 3,000 மீட்டரை முழு மூச்சில் ஓடியபோது நேரமும் 100 கிராமுக்கு 0.78 சதவீதம் நீண்டது. எடையை மறைத்து வைத்ததில்தான் இந்தச் சோதனையின் நேர்மை இருக்கிறது. கனமான காலணி என்று தெரிந்தால் மனமே காலை மெதுவாக்கிவிடும்.

அப்படியானால் காலணியே இல்லாமல் ஓடுவதுதான் மலிவு என்று தோன்றும். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கில் எத்தியோப்பியாவின் அபெபே பிகிலா வெறுங்காலுடன் மராத்தானை 2 மணி 15 நிமிடம் 16 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். 1964-இல் டோக்கியோவில் அவரே காலணி அணிந்து 2 மணி 12 நிமிடத்தில் ஓடி மறுபடியும் வென்றார். ஊர் வேறு, பாதை வேறு, தட்பவெப்பம் வேறு. ஆகவே இதிலிருந்து எதையும் முடிவு கட்ட முடியாது. பதில் ஆய்வுக்கூடத்தில்தான் கிடைத்தது. அதே கொலராடோ ஆய்வுக்கூடம் வெறுங்காலில் ஓடிப் பழகியவர்களை அழைத்து, வெறுங்காலிலும் மிக லேசான மெத்தைக் காலணியிலும் ஓடவைத்தது. 2012-இல் வந்த முடிவு: வெறுங்காலுக்கு எந்த மிச்சமும் இல்லை. பாதத்தில் ஏறிய எடையின் செலவை வேறு ஏதோ ஒன்று ஈடுகட்டியிருந்தது.

அந்த வேறு ஏதோ ஒன்றைப் பிடிக்க அவர்கள் செய்த அடுத்த சோதனைதான் இந்தத் துறையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது. காலணியின் அடியில் இருக்கிற அதே ஃபோமைப் பட்டைகளாக வெட்டி டிரெட்மில்லின் மேல் ஒட்டினார்கள். இப்போது பாதத்தில் ஒரு கிராம்கூட ஏறவில்லை, ஆனால் மெத்தை இருக்கிறது. 10 மில்லிமீட்டர் தடிமனுள்ள ஃபோமின் மேல் வெறுங்காலில் ஓடியவர்களின் ஆற்றல் செலவு சுமார் ஒன்றரை சதவீதம் குறைந்தது. மெத்தை என்பது மூட்டைக் காக்கிற சௌகரியம் மட்டும் இல்லை, அது தசையின் வேலையையும் குறைக்கிறது என்பது இதில் தெரிந்தது. கீழே மெத்தை இல்லாதபோது முழங்காலை மடக்கி, தொடைத் தசையை இழுத்துப் பிடித்து, அடியை உடம்பே தாங்கிக்கொள்கிறது. அதற்கும் எரிபொருள் வேண்டும். ஆகவே ஒரு காலணி தன் எடையால் பிடுங்குவதைத் தன் மெத்தையால் திருப்பித் தருகிறது. நல்ல காலணி என்பது இந்தக் கணக்கில் மிச்சம் காட்டுவது.

மிச்சம் காட்டுகிற பொருளைத் தேடிய கதை நீளமானது. ஒரேகான் பல்கலைக்கழகத்தின் பயிற்சியாளர் பில் பவர்மன், நைக்கி நிறுவனத்தைத் தொடங்கிய இருவரில் ஒருவர், 1970களின் தொடக்கத்தில் வீட்டுச் சமையலறையில் இருந்த வாஃபிள் வார்ப்பில் ரப்பர் கலவையை ஊற்றிக் கட்டம் கட்டமான அடிப்பாகம் ஒன்றைச் செய்து பார்த்தார். தரையைப் பிடிக்கும் முண்டுகள் கிடைத்தன, முண்டுகளுக்கு நடுவே ரப்பர் இல்லாததால் எடையும் குறைந்தது. அதே பத்தாண்டின் நடுவில் ஈ.வி.ஏ. என்கிற ஃபோம் ஓட்டக் காலணிக்குள் வந்தது. எத்திலீனும் வினைல் அசிட்டேட்டும் சேர்ந்த பாலிமர் அது. உள்ளே கோடிக்கணக்கான நுண்ணிய காற்றறைகள். ரப்பரைவிட மிக லேசானது, மலிவானது, எந்த வடிவத்திலும் வார்க்கலாம். இன்றும் உலகத்தின் பெரும்பாலான விளையாட்டுக் காலணிகளின் நடுப்பகுதியில், மிட்சோல் என்று சொல்கிற இடத்தில், இருப்பது இதுவோ இதன் உறவினரோதான். விமான, விண்வெளித் தொழிலில் இருந்த ஃபிராங்க் ரூடி காற்றடைத்த பைகளைச் சோலுக்குள் வைக்கும் யோசனையைக் கொண்டுவந்தார். ஜப்பானின் ஏசிக்ஸ் ஜெல் வைத்தது. இவையெல்லாம் அடியை மென்மையாக்கின, ஆனால் வாங்கியதில் கணிசமான பங்கைத் திருப்பித் தரவில்லை.

திருப்பித் தருவது என்றால் என்ன? ஒரு மீட்டர் உயரத்திலிருந்து விழுந்த பந்து 65 சென்டிமீட்டர் எழுந்தால், நூற்றில் 35 பங்கு ஆற்றல் அதன் உடம்புக்குள்ளேயே வெப்பமாகப் போய்விட்டது என்று பொருள். ஃபோமும் அப்படித்தான். அமுங்கும்போது வாங்கிய ஆற்றலில் ஒரு பகுதியை அதன் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று உராய்ந்து சூடாகிச் சாப்பிட்டுவிடுகின்றன. நீண்ட தூரம் ஓடிவிட்டுக் கழற்றிய காலணியின் அடி வெதுவெதுப்பாக இருப்பதில் இதற்கும் ஒரு பங்கு உண்டு.

ஆற்றலைத் திருப்பித் தரும் பொறி ஏற்கெனவே நம் காலிலேயே இருக்கிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். பிரிட்டனின் மக்நீல் அலெக்சாண்டர் குழு 1987-இல் காட்டியபடி, ஓடும் மனிதனின் உடல் ஓர் அடியில் இழந்து மீட்கும் ஆற்றலில் சுமார் மூன்றில் ஒரு பங்கைக் குதிகால் தசைநாணும், ஆறில் ஒரு பங்கைப் பாதத்தின் வளைவும் வில்லாக வளைந்து சேமித்துத் திருப்பித் தருகின்றன. 26 எலும்புகளும் அவற்றைக் கட்டியிருக்கும் நார்களும் சேர்ந்த அந்த வளைவு, எந்தத் தொழிற்சாலையும் செய்யாத ஒரு சுருள்வில். காலணி அதன் வேலைக்குத் துணையாகப் போக வேண்டும், குறுக்கே நிற்கக் கூடாது.

ஃபோமில் திருப்பம் 2013-இல் தொடங்கியது. ஜெர்மனியின் பி.ஏ.எஸ்.எஃப். நிறுவனம் உருவாக்கிய, டி.பி.யு. என்கிற பாலிமரின் பொரிந்த மணிகளை ஒட்டவைத்து அடிடாஸ் வெளியிட்ட பூஸ்ட் காலணி, ஈ.வி.ஏ.வைவிட நன்றாகத் துள்ளியது. ஆனால் கனம். அதன் பிறகு வந்தது பீபா. இந்தப் பாலிமரின் ஒவ்வொரு சங்கிலியிலும் இரண்டு குணங்கள் மாறி மாறிக் கோக்கப்பட்டிருக்கின்றன. நைலான் குடும்பத்தைச் சேர்ந்த கடினமான துண்டு ஒன்று, பாலிஈதர் என்கிற இளகிய துண்டு ஒன்று. இளகிய துண்டுகள் நீண்டு அமுங்கிக் கொடுக்கின்றன, கடினமான துண்டுகள் நங்கூரம்போல் நின்று எல்லாவற்றையும் பழைய இடத்துக்கு இழுக்கின்றன. உள் உராய்வு குறைவு, அதனால் வெப்பமாக வீணாவதும் குறைவு. குளிரிலும் வெயிலிலும் ஈ.வி.ஏ. அளவுக்குக் குணம் மாறுவதில்லை. பிரான்ஸின் ஆர்க்கிமா நிறுவனம் பெபாக்ஸ் என்ற பெயரில் விற்கும் இந்தப் பொருள், பனிச்சறுக்குக் காலணிகளிலும் இரத்தக்குழாய்க்குள் செலுத்தும் மெல்லிய மருத்துவக் குழாய்களிலும் முன்பே இருந்ததுதான்.

அதை ஃபோமாக்கும் வழியும் மாறியது. நைட்ரஜனைக் கடும் அழுத்தத்தில், வாயு என்றும் சொல்ல முடியாத திரவம் என்றும் சொல்ல முடியாத ஒரு நிலைக்குக் கொண்டுபோய்ப் பாலிமருக்குள் ஊறவைக்கிறார்கள். அழுத்தத்தைத் திடீரென்று தளர்த்தினால், ஊறிய வாயு எண்ணற்ற இடங்களில் ஒரே நேரத்தில் குமிழியிட்டு வெளிவரப் பார்க்கிறது. சீரான நுண்ணறைகள் நிறைந்த, காற்றே பெரும்பகுதியான ஃபோம் கிடைக்கிறது. தடிமனைக் கூட்டியும் எடை ஏறாத காலணி என்ற பழைய கனவு இங்கேதான் நனவானது.

2017 மே 6 அன்று இத்தாலியின் மொன்சா கார் பந்தயத் தடத்தில் கென்யாவின் எலியுட் கிப்சோகே மராத்தான் தூரத்தை 2 மணி 25 வினாடியில் ஓடினார். காலில் இருந்தது பீபா ஃபோமும் கார்பன் தகடும் வைத்த நைக்கியின் புதிய காலணி. அதே ஆண்டு கொலராடோவிலிருந்து அந்த வகைக் காலணியின் அளவீடு வந்தது. 18 ஓட்டக்காரர்கள், அன்றைய தலைசிறந்த மராத்தான் காலணிகள் இரண்டு, இந்தப் புதியது ஒன்று. மூன்றின் எடையையும் சமமாக்கி ஓடவிட்டார்கள். புதிய காலணியில் ஆற்றல் செலவு சராசரியாக 4 சதவீதம் குறைந்தது. இயந்திரத்தில் வைத்து அமுக்கியபோது அதன் சோல் வாங்கியதில் 87 சதவீதத்தைத் திருப்பித் தந்தது. மற்றவை 76, 66 என்று நின்றன. ஆனால் சதவீதத்தைவிட முக்கியமானது, அது ஏறத்தாழ இரு மடங்கு ஆழம் அமுங்கியது என்பது. நிறைய அமுங்கினால்தான் நிறைய ஆற்றலை வாங்க முடியும். வாங்கினால்தானே திருப்பித் தர முடியும்? எந்தக் காலணியும் ஆற்றலை உண்டாக்குவதில்லை. ஓடுகிறவர் கொடுத்ததை மிச்சம் பிடித்துக் கொடுக்கிறது, அவ்வளவே.

கார்பன் தகடுதான் வில்லாக உந்துகிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். 2020களின் தொடக்கத்தில் ஹீலி என்ற ஆய்வாளரும் முன்பு சொன்ன ஹூக்காமரும் அந்தக் காலணியின் தகட்டைக் குறுக்கே பல இடங்களில் அறுத்து, அதன் விறைப்பைப் பெருமளவு குறைத்துவிட்டு ஓடவைத்தார்கள். ஆற்றல் செலவில் பெரிய மாற்றம் இல்லை. பெரும்பங்கு ஃபோமுடையது. தகடு அந்த உயரமான இளகிய ஃபோமுக்கு ஒரு முதுகெலும்பைக் கொடுத்து, முன்பக்கம் வளைந்த சோலின் மேல் பாதம் உருண்டு போக உதவுகிறது.

இதற்குப் பிறகு எல்லை கட்ட வேண்டியதாயிற்று. சாலை ஓட்டத்துக்கான காலணியின் சோல் 40 மில்லிமீட்டருக்கு மேல் இருக்கக் கூடாது, ஒரு தகட்டுக்கு மேல் கூடாது என்று உலகத் தடகள அமைப்பு 2020 ஜனவரியில் விதித்தது. அந்த எல்லைக்குள் எடையைக் குறைக்கும் போட்டி தொடர்கிறது. 2023 செப்டம்பரில் பெர்லினில் எத்தியோப்பியாவின் டிகிஸ்ட் அசெஃபா 2 மணி 11 நிமிடம் 53 வினாடியில் ஓடிப் பெண்களுக்கான உலக சாதனையை இரண்டு நிமிடத்துக்கும் மேலாகக் குறைத்தபோது அணிந்திருந்த அடிடாஸ் காலணி ஒன்றின் எடை 138 கிராம். அந்த எடை ஒரு மாதிரி அளவில் சொல்லப்படுவது. நிறுவனங்கள் பெரும்பாலும் இப்படி நடுத்தரமான ஓர் அளவை எடுத்துக்கொண்டுதான் எடையை அறிவிக்கின்றன. 11-ஆம் எண் வாங்குகிறவர் காலில் அதைவிடக் கனமாகவும், 5-ஆம் எண் வாங்குகிறவர் காலில் லேசாகவும் இருக்கும்.

இதுவரை சொன்னதெல்லாம் சராசரிகள். சராசரி என்பது யாருடைய காலும் இல்லை. 2023-இல் வெளியான ஓர் ஆய்வில் உலகத் தரமான கென்ய ஓட்டக்காரர்கள் ஏழு பேரைப் புதுவகைக் காலணிகளிலும் பழைய தட்டைக் காலணியிலும் ஓடவைத்தார்கள். ஒருவருக்குச் செலவு 11 சதவீதம் குறைந்தது. இன்னொருவருக்கு 11 சதவீதம் கூடியது! இத்தனைக்கும் எல்லோரும் தேர்ந்தவர்கள். வேகமும் ஒரு காரணி. மணிக்கு 10 கிலோமீட்டர் வேகத்தில், அதாவது 5 கிலோமீட்டரை அரை மணியில் முடிக்கும் வேகத்தில், இந்தக் காலணிகளின் சராசரி மிச்சம் ஒரு சதவீதத்துக்கும் சற்றுக் குறைவு என்று ஒரு சோதனை காட்டியது. சிலருக்கு அதுவும் இல்லை. காலையில் பூங்காவைச் சுற்றி ஓடுகிறவர் இருபதாயிரம் ரூபாய் போட்டுப் பந்தயக் காலணி வாங்கினால், விளம்பரம் சொல்லும் 4 சதவீதத்தை அவர் கால் பார்க்கப் போவதில்லை.

ஏன் இப்படி ஆளுக்கு ஆள் மாறுகிறது? உடம்பு தன் காலின் கீழ் இருப்பதைப் படித்துக்கொண்டே ஓடுகிறது. தரை இளகியதாக இருந்தால் காலை விறைப்பாக்கிக்கொள்கிறது, தரை கெட்டியாக இருந்தால் முழங்காலைக் கூடுதலாக மடக்கித் தளர்த்திக்கொள்கிறது. உடலின் நடுப்புள்ளி ஏறி இறங்கும் தாளம் மாறாமல் இருக்க இந்தச் சரிக்கட்டல். தரை மாறிய முதல் அடியிலேயே அது நடந்துவிடுகிறது என்பதைக் கலிஃபோர்னியாவின் ஆய்வாளர்கள் 1990களிலேயே காட்டினார்கள். மெத்தை கூடினால் அடி குறையும் என்ற எளிய நம்பிக்கையை இது கலைக்கிறது. 2018-இல் பின்லாந்து ஆய்வாளர்கள் கொழுத்த மெத்தையுள்ள காலணியையும் சாதாரணக் காலணியையும் ஒப்பிட்டார்கள். வேகமாக ஓடியபோது கொழுத்த மெத்தையில்தான் தரையின் மோதல் கூடுதலாக இருந்தது. கால் அவ்வளவு விறைத்துக்கொண்டது.

அதற்காக மெத்தை வீண் என்று சொல்லிவிட முடியாது. லக்சம்பர்க்கில் 848 சாதாரண ஓட்டக்காரர்களுக்குப் பார்வைக்கு ஒரே மாதிரியான காலணிகளைக் கொடுத்தார்கள். பாதிப் பேருக்கு இளகிய சோல், பாதிப் பேருக்குக் கெட்டியான சோல், யாருக்கு எது என்று தெரியாது. ஆறு மாதம் கவனித்ததில் கெட்டியான சோல் அணிந்தவர்களுக்குக் காயங்கள் கூடுதல். வியப்பு அதற்கு அடுத்ததில்தான் இருந்தது. மெத்தையின் பாதுகாப்பு எடை குறைந்தவர்களிடம்தான் தெரிந்தது. கனத்த உடம்புக்காரர்களிடம் தெளிவான வித்தியாசம் இல்லை. எடை கூடியவருக்குத்தான் மெத்தை அதிகம் வேண்டும் என்று கடைக்காரர் சொல்வதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். கேட்க நியாயமாகவே இருக்கிறது, ஆனால் இந்த அளவீடு அதற்குத் துணை நிற்கவில்லை.

அதேபோல இன்னொரு பழைய வழக்கம்: பாதத்தின் வளைவைப் பார்த்து, இது தட்டைப் பாதம், இதற்கு இந்த வகைக் காலணி என்று ஒதுக்குவது. அமெரிக்க ராணுவத்தின் பல பிரிவுகளில் ஆயிரக்கணக்கான புதிய வீரர்களுக்கு அப்படி ஒதுக்கிப் பார்த்தார்கள். காயம் குறையவில்லை. டென்மார்க்கில் புதிதாக ஓடத் தொடங்கிய 927 பேருக்கு ஒரே வகைச் சாதாரணக் காலணியைக் கொடுத்து ஓராண்டு பின்தொடர்ந்தபோதும், பாதம் உட்புறம் சாய்கிறவர்களுக்குக் காயம் அதிகம் வரவில்லை. கனடாவின் கல்கரி பல்கலைக்கழகத்தில் நீண்ட காலம் இதை ஆராய்ந்த பென்னோ நிக் கடைசியில் வந்து நின்ற இடம் எளிமையானது: அணிந்து ஓடும்போது எது சுகமாக இருக்கிறதோ அதை எடுங்கள். ஒவ்வோர் உடம்புக்கும் அது விரும்புகிற ஓர் அசைவுப் பாதை உண்டு, அந்தப் பாதையை மறிக்காத காலணியைத்தான் உடம்பு சுகம் என்று உணர்கிறது என்பது அவர் கருத்து. இது இன்னும் முழுதாக நிறுவப்பட்டதில்லை. ஆனாலும் மற்ற விதிகள் ஒவ்வொன்றாக உதிர்ந்த பிறகு மிஞ்சி நிற்பது இதுதான்.

சுகம் என்பதன் முதல் படி அளவு. இங்கே நாம் ஃபோம் வேதியியலின் உச்சத்திலிருந்து இடைக்கால இங்கிலாந்தின் வயல்வெளிக்கு இறங்க வேண்டியிருக்கிறது. பிரிட்டன் காலணி எண்ணின் ஒரு படி, ஒரு பார்லி மணியின் நீளம். அங்குலத்தில் மூன்றில் ஒன்று, 8.47 மில்லிமீட்டர். பெரியவர்களின் எண்வரிசை 25 பார்லி மணிகளுக்குப் பிறகு தொடங்குகிறது. ஆகவே 8-ஆம் எண் என்றால் 33 பார்லி மணி, சரியாக 11 அங்குலம். அதுவும் பாதத்தின் நீளம் இல்லை. காலணியை எதன் மேல் இழுத்து உருவாக்குகிறார்களோ அந்த லாஸ்ட் என்கிற கால்வடிவ அச்சின் நீளம். ஐரோப்பிய எண்ணின் படி சென்டிமீட்டரில் மூன்றில் இரண்டு, 6.67 மில்லிமீட்டர். 8.47-ம் 6.67-ம் ஒன்றோடொன்று ஒட்டி வராத எண்கள், எனவே எண்ணை மாற்றிச் சொல்லும் ஒவ்வோர் அட்டவணையிலும் எங்கோ ஓரிடத்தில் ஒரு முழுதாக்கல் ஒளிந்திருக்கிறது. ஒரு நிறுவனத்தில் பிரிட்டன் 8 என்பது அமெரிக்க 9, இன்னொன்றில் 8.5. பாதத்தின் நீளத்தையும் அகலத்தையும் மில்லிமீட்டரில் அப்படியே சொல்லும் சர்வதேச முறை ஒன்று உண்டு. மோண்டோபாயிண்ட் என்று பெயர். ராணுவக் காலணியிலும் பனிச்சறுக்குக் காலணியிலும் அது புழங்குகிறது. ஓட்டக் காலணிக் கடையில் அது ஏன் முதன்மையாக இல்லை என்பது எனக்கு உண்மையான ஆதங்கம். ஜப்பான்காரர்கள் பெட்டியில் சென்டிமீட்டரைத்தான் அச்சிடுகிறார்கள். மற்ற நிறுவனங்களின் பெட்டியிலும் ஓரத்தில் சிறிய எழுத்தில் அது பெரும்பாலும் இருக்கும். எண்ணை விட்டுவிட்டு அதைப் பார்ப்பது நல்லது.

நீளம் மட்டும் தெரிந்தால் போதாது என்பதை நூறாண்டுக்கு முன்பே ஒருவர் கண்டுகொண்டார். அமெரிக்காவின் சிரக்யூஸ் நகரில் காலணிக் கடைக்காரரின் மகனான சார்லஸ் பிரானக் 1920களில் செய்த உலோக அளவுகோல் இன்றும் கடைகளில் இருக்கிறது. அது மூன்றை அளக்கிறது: குதிகாலிலிருந்து விரல் நுனி வரை, குதிகாலிலிருந்து பெருவிரல் அடியின் உருண்டை மூட்டு வரை, பாதத்தின் அகலம். இரண்டாவதுதான் பலர் கவனிக்காதது. ஒரே நீளமுள்ள இரண்டு பாதங்களில் ஒன்றுக்கு விரல்கள் நீளம், இன்னொன்றுக்குக் குட்டை. காலணி மடங்குகிற இடம் பாதம் மடங்குகிற இடத்தில் இருக்க வேண்டும். முன்பக்கம் வளைத்துச் செய்த தடித்த சோல்களில் இது இன்னும் முக்கியம். வளைவு தொடங்கும் புள்ளி உருண்டை மூட்டுக்கு முன்னோ பின்னோ தள்ளிப் போனால், உருண்டு போவதற்காகச் செய்த சோல் கெண்டைக்காலைத்தான் படுத்தும்.

அகலத்தில் நம் ஊருக்கு ஒரு சொந்தக் கதை இருக்கிறது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனம், 2021 டிசம்பரிலிருந்து 2022 மார்ச் வரை நாட்டின் 79 இடங்களில் 1,01,880 பேரின் பாதங்களை முப்பரிமாணக் கருவிகளால் அளந்தது. இந்தியப் பாதம் ஐரோப்பிய, அமெரிக்கப் பாதத்தைவிட அகலமானது என்பது அதன் முக்கியக் கண்டுபிடிப்பு. கடையில் கிடைக்கிற குறுகலான காலணியில் அகலம் போதாமல், மக்கள் தேவைக்கு மேல் நீளமான எண்ணை வாங்கி அணிகிறார்கள். பெண்களின் பாதம் 11 வயதுவாக்கிலும் ஆண்களின் பாதம் 15, 16 வயதுவாக்கிலும் வளர்ச்சியின் உச்சத்தைத் தொடுகிறது என்பதும் அதில் தெரிந்தது. இதைக்கொண்டு 'பா' என்ற பெயரில் எட்டு அளவுகளுள்ள இந்திய முறை ஒன்றை அந்த நிறுவனம் முன்வைத்தது. செய்யாறிலும் பர்கூரிலும் தைவானின் ஃபெங் டே குழுமத்தின் ஆலைகளில் நம் ஊர்ப் பெண்கள் உலகச் சந்தைக்கான நைக்கி காலணிகளைச் செய்கிறார்கள். அந்தக் காலணிகளின் அச்சுகள் எங்கோ இருக்கிற பாதங்களை மனத்தில் வைத்து வடித்தவை.

அகலம் போதாததை நீளத்தால் ஈடுகட்டுவது ஏன் தவறு என்பதை ஓட்டக்காரரின் கால் சீக்கிரம் சொல்லிவிடும். அரை எண் கூட்டினால் நீளம் நாலு மில்லிமீட்டர் கூடும், சுற்றளவும் கொஞ்சம் கூடும். ஆனால் அதோடு மடங்கும் புள்ளி முன்னே நகர்கிறது, குதிகால் பிடி தளர்கிறது. ஒவ்வோர் அடியிலும் பாதம் உள்ளே சறுக்கி விரல் நுனி முன்சுவரில் மோதுகிறது. நகத்தின் கீழ் இரத்தம் கட்டிக் கறுத்துப்போவது சின்ன காலணியால் மட்டும் வருவதில்லை, பெரிய காலணியாலும் வருகிறது. மேல்நாட்டில் ஒரே நீளத்தில் இரண்டு மூன்று அகலங்கள் கிடைக்கின்றன. ஆண்களுக்கு டி என்பது சாதாரணம், 2ஈ அகலம், 4ஈ மிக அகலம். பெண்களுக்குச் சாதாரணம் பி. நம் கடைகளில் அகல வகைகள் அரிதாகவே அடுக்கில் இருக்கும். ஆனால் சில நிறுவனங்களின் பெட்டி எண்ணுக்குப் பக்கத்தில் இந்த எழுத்து இருக்கும், கேட்டால் தருவித்துக் கொடுப்பார்கள். பெண்களின் பாதத்தில் முன்பகுதியோடு ஒப்பிடக் குதிகால் குறுகல். ஆண் அச்சைச் சுருக்கி நிறம் மாற்றிப் பெண் காலணி என்று விற்ற காலத்தின் மிச்சம் இன்னும் சந்தையில் இருக்கிறது. குதிகால் கழன்று கழன்று வருகிற பெண்கள் தங்கள் நடையைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

லேசான காலணியில் பொருத்தம் இன்னும் கறாராக இருக்க வேண்டும். பழைய தோல் காலணி சில வாரங்களில் பாதத்துக்கு இடம் கொடுத்துப் பழகும். எடை குறைக்க நெய்த மெல்லிய பாலியஸ்டர் வலை அப்படி இளகுவதில்லை. முதல் நாள் கடித்தது ஆறாவது மாதமும் கடிக்கும். பாதமோ ஓட ஓட வீங்குகிறது, வளைவு பாரத்தில் தாழ்ந்து சில மில்லிமீட்டர் நீள்கிறது. அதனால்தான் மாலையில், ஓடும்போது அணியும் அதே சாக்ஸோடு போய்ப் போட்டுப் பார்க்கச் சொல்கிறார்கள். நின்ற நிலையில் நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். பலருக்கு நீளமானது பெருவிரல் இல்லை, அடுத்த விரல். பலருக்கு இரண்டு பாதமும் ஒரே அளவில்லை, பெரியதற்குத்தான் வாங்க வேண்டும். குதிகால் மட்டும் லேசாகத் தூக்கினால் எண்ணை மாற்றுவதற்கு முன், கணுக்கால் பக்கம் கடைசியாகச் சும்மா இருக்கிற கூடுதல் துளையில் லேஸைச் சின்ன வளையமாகக் கோத்து, எதிர்ப்பக்க லேஸை அந்த வளையத்துக்குள் விட்டு இறுக்கிப் பாருங்கள். பெரும்பாலும் போதும்.

கடையில் செய்யக்கூடிய நல்ல சோதனை ஒன்று உண்டு. காலணிக்குள் இருக்கும் மெல்லிய உள்தகட்டை உருவித் தரையில் போட்டு, குதிகாலை அதன் பின்விளிம்பில் சரியாக வைத்து, இரண்டு காலிலும் சமமாக எடை கொடுத்து நில்லுங்கள். சுண்டுவிரல் பக்கமோ பெருவிரல் மூட்டுப் பக்கமோ சதை தகட்டுக்கு வெளியே வழிந்தால், அந்த லாஸ்ட் உங்கள் பாதத்துக்கு வடித்ததில்லை. விலை, தள்ளுபடி, உலக சாதனை எதுவும் அதை மாற்றாது. அதே காலணியில் அரை எண் மேலே கேட்காதீர்கள், அகலமான வகை இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லை என்றால் வேறு நிறுவனத்தின் காலணியை எடுத்து, அதன் உள்தகட்டையும் உருவிப் பாருங்கள்.